ஒரே கல், மூன்று இடம்: ஏற்காட்டுத் தோட்டத்தில் ஜிபிஎஸ் ரிசீவர் சொல்வதை எவ்வளவு நம்பலாம்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. ஏற்காட்டில் 11 ஏக்கர் காபித் தோட்டம் வாங்கியிருக்கிறீர்கள். சென்டிமீட்டர் துல்லியம் என்று பெட்டியில் போட்ட ஜிபிஎஸ் ரிசீவரை, ஓரிடத்தில் நிலையாக வைக்கும் பேஸ் ஒன்று, கையில் எடுத்துக்கொண்டு நடக்கும் ரோவர் ஒன்று என ஜோடியாக வாங்கி, எல்லைக் கற்கள், ஊற்று, தண்ணீர்க் குழாய், பெரிய மரங்கள் எல்லாவற்றையும் போனில் வரைபடமாக ஏற்றப் பார்க்கிறீர்கள். ஆனால் வடகிழக்கு மூலைக் கல் மூன்று நாளில் மூன்று இடத்தில் விழுகிறது, சாட்டிலைட் படத்தின் மேல் வைத்தால் பக்கத்துத் தோட்டத்துக்குள்ளேயே போய் நிற்கிறது. கருவி பழுதா, மாற்றித் தரச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் நிஜமாகக் கேட்பது கடைசி வரியில் இருக்கிறது: இந்தப் புள்ளியைக் காட்டிப் பக்கத்துக்காரரிடம் எல்லை பேசலாமா?

நான் சேலத்தில் தனியாக நில அளவை வேலை செய்பவன். சங்கிலியும் டேப்பும் பிடித்துத் தொழில் பழகி, கோணத்தையும் தூரத்தையும் ஒளிக்கற்றையால் அளக்கும் டோட்டல் ஸ்டேஷனுக்கு வந்து, இப்போது பாதி வேலை இந்த ரிசீவரில்தான் ஓடுகிறது. அதனால் முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். கருவி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். கல் இடம் மாறுவதற்குக் காரணம் பேஸை வைக்கும் விதத்திலோ போன் செட்டிங்கிலோ மரங்களிலோ இருக்கும், மூன்றும் சேர்ந்தும் இருக்கலாம். பக்கத்துக்காரரிடம் இப்போதைக்கு இந்தப் புள்ளியைக் காட்ட வேண்டாம். ஏன் என்று விளக்குகிறேன், கொஞ்சம் நீளும்.

சாதாரணப் போனும் உங்கள் ரிசீவரும் கேட்பது ஒரே சாட்டிலைட்டுகளைத்தான். அமெரிக்காவின் ஜிபிஎஸ், ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ. ஜிபிஎஸ் சாட்டிலைட்டுகள் ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. சிக்னல் வந்து சேர்ந்த நேரத்தை வைத்துத் தூரம் கணக்காகிறது. நேரத்தில் ஒரு நானோ செகண்டு பிசகினால் தூரத்தில் 30 செ.மீ பிசகும். போன் படிப்பது சிக்னலின் மேல் ஏற்றப்பட்ட குறியீட்டை. அந்தக் குறியீட்டின் ஒரு துண்டு கிட்டத்தட்ட 300 மீட்டர் நீளம், அவ்வளவு நீளமான ஸ்கேலை வைத்துக்கொண்டு வெட்டவெளியில் ஐந்து மீட்டருக்குள் சொல்வதே பெரிய விஷயம். உங்கள் ரிசீவர் அதோடு நிற்காமல் சிக்னலின் அலையையே அளவுகோலாக்குகிறது. அந்த அலை 19 செ.மீதான், அதனால்தான் சென்டிமீட்டர் கணக்கு சாத்தியமாகிறது. ஆனால் ஒரு சிக்கல் உண்டு. அலையின் எந்தப் பகுதியில் இருக்கிறோம் என்று கருவிக்குத் தெரியும், சாட்டிலைட்டுக்கும் நமக்கும் நடுவில் முழு அலைகள் எத்தனை என்று தெரியாது. இடம் தெரிந்த ஒரு பேஸ் தன் அளவுகளை ரோவருக்குத் தொடர்ந்து அனுப்ப, இரண்டையும் கழித்துப் பார்த்து அந்த எண்ணிக்கையை ரோவர் கண்டுபிடிக்கிறது. இதைத்தான் ஆர்டிகே என்கிறோம். எண்ணிக்கை உறுதியானால் திரையில் 'ஃபிக்ஸ்டு', இன்னும் தேடிக்கொண்டிருந்தால் 'ஃப்ளோட்'. ஃப்ளோட்டில் பிழை ஒரு சாணும் இருக்கலாம், ஒரு மீட்டரைத் தாண்டியும் போகலாம்.

இப்போது முதல் சோதனை. ஆண்ட்ராய்டு போனில் ரிசீவரைப் புளூடூத்தில் இணைத்துவிட்டாலே வரைபட ஆப் அதிலிருந்து எடுக்கும் என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். ஆப்புக்குள்ளேயே வெளி ரிசீவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த வசதி இல்லாத ஆப் என்றால், போனின் டெவலப்பர் ஆப்ஷனில் மாக் லொகேஷன் ஆப்பாக ரிசீவரின் ஆப்பை வைக்க வேண்டும். இரண்டும் செய்யாவிட்டால் கையில் விலையுயர்ந்த ரிசீவரைப் பிடித்துக்கொண்டு போனின் சொந்த ஜிபிஎஸ்ஸைத்தான் பதிவு செய்துகொண்டிருப்பீர்கள். கண்டுபிடிப்பது சுலபம்: ரிசீவர் போனுக்கு அனுப்பும் ஜிஜிஏ என்ற தகவல் வரியில், அளவின் தரத்தைச் சொல்லும் தர எண் ஒன்று வரும். 1 என்றால் வெறும் ஜிபிஎஸ். 2 என்றால் நம் நாட்டின் ககன் மாதிரி சாட்டிலைட் வழியாக வரும் திருத்தம் கிடைக்கிறது, அதுவும் மீட்டர் கணக்குத்தான். 5 ஃப்ளோட், 4 ஃபிக்ஸ்டு. ஒவ்வொரு புள்ளியோடும் இந்த எண் சேமிக்கப்படுகிறதா என்று பாருங்கள். எஸ்டபிள்யூ மேப்ஸ், கியூஃபீல்டு என்ற இரண்டு வரைபட ஆப்களிலும் அதைச் சேமிக்கலாம். பழைய புள்ளிகளில் 4 என்று பதிவாகாதவை எல்லாவற்றையும் எல்லை வேலையிலிருந்து விலக்கிவிடுங்கள், பாவம் பார்க்க வேண்டாம்.

சரி, எல்லாம் 4 தான், அப்படியும் கல் நகர்கிறது என்றால் அடுத்த சந்தேகம் பேஸ். நீங்கள் எழுதியதில் ஒரு வாக்கியம் என் கண்ணில் பட்டது: 'பேஸை முற்றத்தில் டிரைபாடில் வைத்து ஆன் செய்தேன், இரண்டு நிமிடத்தில் தயார் என்று சொல்லிவிட்டது.' அந்த இரண்டு நிமிடத்தில் பேஸ் செய்வது, தன் இடத்தைச் சாதாரண ஜிபிஎஸ் அளவில் சராசரி எடுத்து, இதுதான் நான் நிற்கும் இடம் என்று வைத்துக்கொள்வது. அந்தச் சராசரியிலேயே ஒன்றிரண்டு மீட்டர் பிழை இருக்கும், அது தினமும் வேறு திசையில் வேறு அளவில் இருக்கும். ரோவர் பேஸிலிருந்துதான் சென்டிமீட்டர் சுத்தமாக அளக்கிறது. பேஸ் ஒரு மீட்டர் தெற்கே இருப்பதாக நினைத்தால் உங்கள் தோட்டம் முழுக்க அப்படியே ஒரு மீட்டர் தெற்கே போய்விடும். ஒரே நாளில் எடுத்த கற்களுக்கு இடையில் உள்ள தூரம் சரியாக இருக்கும், நாளுக்கு நாள் மொத்த வரைபடமும் ஒன்றாக நகரும். உங்களுக்கு நடந்தது இதுதானா என்று உறுதிசெய்ய, ஒரே நாளில் எடுத்த இரண்டு கற்களின் இடைத்தூரத்தை மூன்று நாளுக்கும் கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்றும் ஓரிரண்டு சென்டிமீட்டருக்குள் ஒத்துவந்தால் குற்றவாளி பேஸ்தான்.

இதைச் சரிசெய்யப் புதுக் கருவி தேவையில்லை. வீட்டு மொட்டை மாடியில் வானம் நன்றாகத் தெரியும் மூலையில் ஒரு போல்ட்டை கான்கிரீட்டில் பதியுங்கள். அதற்கு ஒரே ஒரு தடவை நல்ல இட எண் வாங்குங்கள்: பேஸை அதன் மேல் பல மணி நேரம் ஓடவிட்டுப் பதிவை, பிறகு கணக்கிட்டு இட எண் தரும் இணையப் பின்கணக்குச் சேவையில் கொடுக்கலாம், அல்லது சர்வே ஆஃப் இந்தியா நாடு முழுக்க வைத்திருக்கும் நிலையான ரிசீவர் வலைப்பின்னலில் பதிவு செய்துகொண்டு அதிலிருந்து எடுக்கலாம். எடுத்த எண்ணை எழுதிவைத்து, இனி எப்போது பேஸ் வைத்தாலும் அதே போல்ட், அதே எண், அதே ஆன்டெனா உயரம். கூடவே அது எந்த ஆண்டுக் கணக்கில் கிடைத்தது என்றும் எழுதுங்கள், ஏனென்றால் இந்திய நிலத்தட்டு வருடத்துக்கு ஏறக்குறைய 5 செ.மீ வடகிழக்காக நகர்கிறது. வெவ்வேறு ஆண்டுக்குக் கணக்கிட்ட இரண்டு சேவைகளை ஒன்றாகக் கலந்தால் இரண்டும் சரியாக இருந்தும் சாண் கணக்கில் ஒத்துவராது.

இணையம் வழியாகவே திருத்தத்தை வாங்கி பேஸ் இல்லாமல் வேலை பார்க்கலாமா என்றால், டவர் கிடைக்கும் இடத்தில் தாராளமாகச் செய்யலாம். ஆனால் ஏற்காட்டில் ஏரிப் பக்கம் கிடைக்கும் டவர் ஒரு சரிவு இறங்கினால் போய்விடும். அப்புறம், தூரம் கூடக்கூடப் பிழையும் கூடும், 10 கிலோமீட்டருக்கு இன்னொரு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். கீழே சேலம் நகரம் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, நீங்கள் 1,300, 1,400 மீட்டரில் நிற்கிறீர்கள். நடுவில் உள்ள காற்று மண்டலத்தின் வேறுபாட்டைக் கருவி ஊகித்துத்தான் கழிக்கிறது, அந்த ஊகப் பிழை முக்கியமாக உயரத்தில் தெரியும். அதனால் மலை மேல் சொந்த பேஸ் வைத்திருப்பது நல்லதே, அது வீண் செலவில்லை.

மரம்தான் எனக்கு இந்த மலையில் பெரிய கவலை. காபிக்கு மேல் சில்வர் ஓக், அதன் மேல் மிளகுக் கொடி, நடுவில் பலா. மழை நின்ற உடனே ஈர இலை வேறு. சிக்னல் இலையில் தேய்ந்தும், அடிமரத்திலும் பாறையிலும் பட்டுத் திரும்பியும் வருகிறது. கருவி முழு அலைகளை எண்ணும்போது தவறான எண்ணிக்கையைச் சரி என்று முடிவு செய்துவிடும். திரையில் பச்சை எழுத்தில் ஃபிக்ஸ்டு, பிழை 2 செ.மீ என்றே காட்டும், ஆனால் நிஜத்தில் அரை மீட்டரோ ஒரு மீட்டரோ தள்ளி இருப்பீர்கள். சில வருடம் முன்னால் ஒரு தோட்டத்தில் சில்வர் ஓக் வரிசைக்குக் கீழே ஒரு மூலைப் புள்ளியை ஒரே தடவை எடுத்துவிட்டு, ஃபிக்ஸ்டு காட்டியதே போதும் என்று கொடுத்துவிட்டேன். அதை நம்பி வேலிக்குக் கல்தூண் நட்டுவிட்டார்கள். பிறகு டோட்டல் ஸ்டேஷன் வைத்துப் பார்த்தபோது அந்த மூலை ஒரு மீட்டருக்கும் மேல் தள்ளியிருந்தது. ஆறு தூணைப் பிடுங்கி நட வேண்டி வந்தது, அந்தச் செலவை நான் ஏற்றுக்கொண்டேன். அன்றிலிருந்து எந்த எல்லைப் புள்ளியையும் ஒரு தடவை மட்டும் எடுத்து நான் யாருக்கும் கொடுத்ததில்லை.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். ஒரு கல்லில் முப்பது செகண்டாவது நின்று எடுங்கள், ரிசீவரை மீட்டமைத்து எண்ணிக்கையை முதலிலிருந்து பிடிக்க விடுங்கள், மறுபடி எடுங்கள். பிறகு ஒரு மணி நேரமாவது கழித்தோ மறுநாளோ, சாட்டிலைட்டுகள் இடம் மாறிய பிறகு, திரும்ப வந்து எடுங்கள். 3 செ.மீக்குள் ஒத்தால் சராசரியை வைத்துக்கொள்ளலாம். ஒத்துவராவிட்டால் எது சரி என்று யோசித்துக்கொண்டிருக்காமல் இரண்டையும் கைவிட்டு வேறு வழி பார்க்க வேண்டும், அதைக் கடைசியில் சொல்கிறேன். ரோவர் பொருத்திய கம்பின் மட்டக் குமிழியையும் கவனியுங்கள்: 2 மீட்டர் கம்பு ஒரு டிகிரி சாய்ந்தாலே மூன்றரை சென்டிமீட்டர் போய்விடும், சரிவில் நின்றுகொண்டு ஒரு டிகிரி சாய்வது கண்ணுக்கே தெரியாது.

நேரமும் முக்கியம், இதை வெளிநாட்டு வீடியோக்களில் யாரும் அழுத்திச் சொல்வதில்லை. பூமியின் காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் தென்முனையை ஒட்டிப் போகிறது, தும்பாவில் 1963-இல் ராக்கெட் தளம் அமைத்ததே அதனால்தான். அதன் அருகில் இருக்கும் நமக்கு மேலே, காற்று மண்டலத்தின் மின்னேற்றம் பெற்ற மேலடுக்கான அயனி மண்டலம் பிற்பகலில் அடர்த்தியாகும், சூரியன் மறைந்த பிறகு திட்டுத் திட்டாகக் குலைந்து சிக்னலை நடுங்க வைக்கும். காலை ஏழு மணியிலிருந்து பத்து, பத்தரை வரை எனக்குச் சுலபமாக ஃபிக்ஸ்டு கிடைக்கும் இடத்தில், பிற்பகல் இரண்டு மணிக்கு ஃப்ளோட்டிலேயே நின்று தவித்திருக்கிறேன். மரத்தடிக் கற்களைக் காலையில் முடித்துவிடுங்கள், வெட்டவெளி வேலையை மதியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சாட்டிலைட் படத்தில் கல் பக்கத்துத் தோட்டத்துக்குள் நிற்பதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். அந்தப் படம் சாய்வாக எடுத்ததை நிலத்தின் மேடுபள்ளத்துக்கு ஏற்ப இழுத்துப் பொருத்தியது. சமவெளியில் ஓரளவு பொருந்தும், இந்த மாதிரிச் சரிவுகளில் பல மீட்டர் தள்ளி உட்காரும். படத்துக்கு ஏற்ப உங்கள் புள்ளியை ஒருபோதும் நகர்த்தாதீர்கள். ஆனால் புள்ளி ஏதோ ஒரு பக்கம் நூறு மீட்டர், அதற்கும் மேல் தள்ளி விழுந்தால் காரணம் வேறு: பழைய சர்வே வரைபடங்கள் பூமியின் வடிவத்துக்கு எவரெஸ்ட் நீள்கோளம் என்ற பழைய கணக்கை வைத்து வரைந்தவை, ரிசீவர் டபிள்யூஜிஎஸ் 84 என்ற வேறு கணக்கில் பேசுகிறது, அதனால் ஒரே புள்ளிக்கு இரண்டிலும் வேறு வேறு எண் வரும்.

நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு பொறியும் இருக்கிறது. பூமியை 6 டிகிரிப் பட்டைகளாகப் பிரித்து மீட்டரில் இடம் சொல்லும் யூடிஎம் கட்டத்தில் 43-ஆம் மண்டலமும் 44-ஆம் மண்டலமும் பிரியும் 78 டிகிரி தீர்க்கரேகை சேலம் மாவட்டத்தின் உள்ளேயே போகிறது. தாரமங்கலம், எடப்பாடி, சங்ககிரி, மேட்டூர் 43-இல். ஓமலூர், சேலம், ஏற்காடு 44-இல். மண்டலத்தை மாற்றிப் போட்டால் ஏற்காட்டுக் கல் லட்சத்தீவுப் பக்கம் கடலில் போய் விழும், அது உடனே தெரிந்துவிடும் என்பதால் ஆபத்தில்லை. தெரியாமல் ஏமாற்றுவது பரப்பளவு. நாம் 44-ஆம் மண்டலத்தின் மேற்கு ஓரத்தில் இருப்பதால் கட்டத் தூரம் நிலத் தூரத்தைவிடச் சற்று நீளம். உங்கள் உயரத்தில் 100 மீட்டருக்கு 5 செ.மீ வரும். 11 ஏக்கருக்குக் கணக்குப் போட்டால் ஒரு சென்ட்டுக்கு மேல் கூடுதலாகக் காட்டும். கணினியில் வரைபட வேலை செய்யும் கியூஜிஐஎஸ் மென்பொருளில் பரப்பைத் தட்டையாக அளக்காமல் எலிப்சாய்டு (நீள்கோள) அளவில் கேட்டால், அரை சென்ட் அளவுக்குக் குறைவாக வரும், அது பரவாயில்லை. ஒரு சென்ட் என்ன விலை போகிறது என்று உங்களுக்கே தெரியும், அதனால் சொல்கிறேன்.

உயரத்தைப் பற்றிச் சுருக்கமாக: ரிசீவர் காட்டுவது நீள்கோள உயரம், அதாவது பூமியின் கணித வடிவத்திலிருந்து அளந்த உயரம் என்றால், தென்னிந்தியாவில் அது கடல்மட்ட உயரத்தைவிட ஏறக்குறைய 90 மீட்டர் குறைவாக இருக்கும். பழுது என்று நினைக்க வேண்டாம். ஊற்றிலிருந்து தொட்டிக்குத் தண்ணீர் தானாக ஓடுமா என்று பார்க்க இரண்டு இடத்துக்கும் உள்ள வித்தியாசம் போதும், ஆனால் உயரத்தில் பிழை கிடைமட்ட இட அளவைவிட ஒன்றரை இரண்டு மடங்கு இருக்கும்.

இனி பக்கத்துக்காரர் விஷயம். எல்லையைத் தீர்மானிப்பது உங்கள் ரிசீவரின் எண் கிடையாது. 1923-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நில அளவை மற்றும் எல்லைகள் சட்டப்படி அளந்து நட்ட கல்லும், ஒரு சர்வே எண்ணின் நிலத்தை வரைந்து காட்டும் அரசின் புலப்படமும்தான் ஆதாரம். புலப்படத்தில் இட எண்கள் இருக்காது, கல்லுக்குக் கல் தூரம்தான் இருக்கும், பழையவற்றில் அது லிங்க்ஸில் இருக்கும். ஒரு சங்கிலி 66 அடி, 100 லிங்க்ஸ். ஒரு லிங்க் 20.1168 செ.மீ. உங்கள் புல எண்ணுக்கான படத்தைத் தமிழ்நாடு அரசின் இணைய சேவையிலேயே எடுக்கலாம். எடுத்து, சந்தேகமில்லாத பழைய கற்கள் மூன்றாவது தேடுங்கள், முக்கியமாக மூன்று புலங்கள் சேரும் முச்சந்திக் கல். அவற்றை நல்ல முறையில் அளந்து, இடைத்தூரங்களைப் படத்தோடு ஒப்பிடுங்கள். சரிவில் டேப்பைத் தரையோடு இழுத்து அளந்து 'நூறு மீட்டர் இருக்கிறது, படத்தில் தொண்ணூறுதான் போட்டிருக்கிறார்கள்' என்று சண்டைக்குப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். 25 டிகிரி சரிவில் தரையோடு 100 மீட்டர் என்பது படுக்கை அளவில் 90.6 மீட்டர்தான். பட்டாவில் இருப்பதும் படுக்கை அளவுப் பரப்பே.

நல்ல கற்கள் படத்தோடு ஒத்துவந்தால், அந்தத் தூரங்களை வைத்து வடகிழக்கு மூலைக் கல் எங்கே இருக்க வேண்டும் என்று கணக்கிட்டு அந்த இடத்துக்கு ரோவரை நடத்திக்கொண்டு போகலாம். கல் ஒன்றிரண்டு அடி வித்தியாசத்தில் இருந்தால், மலையில் சங்கிலி பிடித்து அளந்த காலத்தின் பிழையா, கல் பெயர்ந்து நட்டதா என்பதை ஜிபிஎஸ் சொல்லாது. உங்கள் படத்தையும் கற்களையும் நேரில் பார்க்காமல் நானும் சொல்ல மாட்டேன். வித்தியாசம் ஐந்தாறு அடி என்றால் ஏற்காடு வட்ட அலுவலகத்தில் அத்து காட்ட, அதாவது எல்லையை அளந்து காட்ட, கட்டணம் கட்டி மனு கொடுங்கள், நில அளவர் பக்கத்துக்காரருக்கும் தெரிவித்துவிட்டு வந்து அளப்பார். அன்றைக்கு உங்கள் அளவுகளைக் கையில் வைத்துக்கொண்டு கூட நில்லுங்கள். அதற்கு முன்னால் பக்கத்துத் தோட்டத்துக்காரரையும் ஒரு காலைப்பொழுது கூட்டிக்கொண்டு போய், கற்களை இருவரும் சேர்ந்து பார்ப்பது நல்லது. கல்லை மட்டும் யாரும் அசைக்கக் கூடாது.

பதிவு செய்யும்போது ஒவ்வொரு புள்ளிக்கும் தர எண், தேதி, நேரம், ஆன்டெனா உயரம், எந்த பேஸ், எத்தனையாவது தடவை, கல்லின் ஒரு போட்டோ இவ்வளவும் இருக்கட்டும். அட்சரேகை, தீர்க்கரேகையில் புள்ளிக்குப் பிறகு ஏழு இலக்கமாவது வேண்டும், ஏழாவது இலக்கம்தான் ஒரு சென்டிமீட்டர். எக்ஸெல்லில் திறந்து ஐந்து இலக்கமாகச் சுருங்கிப்போன கோப்பு மீட்டர் கணக்குக்கு இறங்கிவிடும். மரங்களுக்கு இவ்வளவு சிரத்தை வேண்டாம், ஃப்ளோட்டே போதும்.

ஊற்று பலா மரத்தடியில் பள்ளத்தில் இருக்கிறது, அங்கே ஃபிக்ஸ்டே வருவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். மரத்தடிக் கற்களுக்கும் இதே வழிதான். வானம் தெரியும் இடமாகப் பார்த்து, ஊற்றிலிருந்து பத்து இருபது மீட்டருக்குள் இரண்டு முளை அடியுங்கள், ஒன்று மேற்கே என்றால் மற்றொன்று வடக்கே, அதாவது ஊற்றிலிருந்து பார்த்தால் இரண்டும் செங்கோணத்துக்குப் பக்கமாக இருக்கட்டும். முளைகளை இரண்டு நாள் காலையில் அளந்து உறுதிசெய்யுங்கள். பிறகு ஒவ்வொரு முளையிலிருந்தும் ஊற்றுக்கு டேப்பைக் கிடைமட்டமாகப் பிடித்து, தூக்குக்குண்டு தொங்கவிட்டு, தூரம் எடுங்கள். கியூஜிஐஎஸ்ஸில் இரண்டு வட்டம் போட்டால் இரண்டு இடத்தில் வெட்டும், எந்த வெட்டு ஊற்று என்பது நேரில் நின்ற உங்களுக்குத் தெரியும். மூன்றாவதாக ஒரு முளை அடித்து அதிலிருந்தும் தூரம் எடுத்தால் முதல் இரண்டில் பிசகு இருந்தால் அப்போதே தெரிந்துவிடும். மூன்று வட்டமும் 10 செ.மீக்குள் சந்தித்தால் குழாய் போடுவதற்கு அதுவே போதும்.